பூண்டு மணக்கும் இரண்டு குழம்புகள்

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. இதைப் பல பேரிடம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது எழுதத் தூண்டியது எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர். அவருக்கும் எனக்கு இருந்தது போலவே வருஷக்கணக்கில் வயிற்று வலி. நான் சாப்பாட்டை மாற்றித்தான் சரியானேன் என்று யாரோ சொல்லக் கேட்டு, கோதுமை, பால், வெங்காயம், பூண்டு, பருப்பு, பழம் என்று ஒன்று விடாமல் நிறுத்திவிட்டாராம். வலி குறைந்திருக்கிறது, ஆனால் ஆள் பாதியாகிவிட்டார். சோறும் மோரும் கேரட்டும்தான் அவர் டிபன் பாக்ஸில் தினமும். "ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "எதுக்குங்க வம்பு, வலி இல்லாம இருக்கே, அது போதும்" என்றார். அந்த "எதுக்குங்க வம்பு" என்னைத் தூங்க விடவில்லை. வலியோடு பல வருஷம் கிடந்தவருக்கு அது எவ்வளவு நியாயமான பதில் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் சொல்வேன், அதுவும் முக்கியமான பாதி மிச்சமிருக்கிறது.

என் வலி இடது பக்க அடிவயிற்றில் இருந்தது. துணியை முறுக்கிப் பிழிவது போல ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் பரவும். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது, அது சில நாளில் நின்றுவிட்டது, இந்த வலி மட்டும் தங்கிவிட்டது. பெரும்பாலும் பிற்பகலில் வரும். கடைசிப் பீரியடில் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி நிற்பேன். அல்ட்ராசவுண்ட், எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, ரத்தம், மலம், கர்ப்பப்பைக்குத் தனியாக ஒரு ஸ்கேன், எதிலும் ஒன்றும் இல்லை. ஒருவர் டென்ஷன் என்றார். இன்னொருவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார், நான் அந்த அறையில் இல்லாதவள் போல. அந்தப் பரிசோதனைகள் புண்ணைக் காட்டும், கட்டியைக் காட்டும், வீக்கத்தைக் காட்டும். குடலின் நரம்புகள் எவ்வளவு கூசுகின்றன என்பதைக் காட்ட அவற்றால் முடியாது. இதை ஒருவராவது அன்றைக்கு என்னிடம் ஒரு வரியில் சொல்லியிருந்தால், என் வலிக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டு அத்தனை நாள் திரிந்திருக்க மாட்டேன்.

காபி மேல் விழுந்த பழி

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மூன்று மணி வாக்கில் இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் காபி. அடுத்த பீரியடில் வலி. இதைப் பார்க்கிற யாருக்கும் காபிதான் காரணம் என்று தோன்றும், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது. காபியை நிறுத்தினேன். பாலாக இருக்கும் என்று பாலை நிறுத்தினேன். காரம் என்றார்கள், மிளகாயைக் குறைத்தார்கள். வலி குறையவில்லை.

உணவால் வரும் வலியில் ஆளை ஏமாற்றுவது இந்த நேரக் கணக்குதான். சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமலும் உறிஞ்சப்படாமலும் அப்படியே நகர்ந்துபோய், சில மணி நேரம் கழித்துப் பெருங்குடலைச் சேர்கின்றன. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன, வாயு உண்டாகிறது, குடல் விரிகிறது. அப்போதுதான் வலி. ஆக, காலை எட்டு மணிக்கு இட்லியோடு சாப்பிட்ட வெங்காயச் சட்னியும் மதியம் சாப்பிட்ட அரிசிம்பருப்புச் சாதமும் சேர்ந்து செய்த வேலைக்கு, மூன்று மணிக் காபி தண்டனை வாங்கிக்கொண்டிருந்தது. கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு அரிசிம்பருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கைநிறையச் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் அது ஏது? ராத்திரி சாப்பிட்டது விடியற்காலையில் வலிக்கும், நான் எழுந்ததும் குடித்த வெந்நீரைச் சந்தேகப்படுவேன்.

வலி வரும்போதெல்லாம் என் மாமியார் பூண்டு ரசம் வைப்பார். ராத்திரியில் பூண்டுப் பால். "ரெண்டு பல்லு சேர்த்துப் போட்டிருக்கேன், குடி கண்ணு, வாயுவெல்லாம் கலைஞ்சு போகும்" என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் வயிறு உப்பினவனுக்கும் பூண்டுதான் மருந்து. அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. அவர் கண்ணெதிரே நான் வலியில் சுருண்டு கிடந்தபோது, அவருக்குத் தெரிந்த சிறந்த மருந்தைத்தான் கொடுத்தார்.

கடைசியில் ஒரு குடல் நோய் மருத்துவர், எல்லா ரிப்போர்ட்டையும் ஓரமாக வைத்துவிட்டு, "வலி எப்போ வருது, எப்படி வருது, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் சொன்ன பெயர் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐபிஎஸ், அதாவது குடல் அளவுக்கு மீறிக் கூசி வலிக்கும் கோளாறு. அதைக் கண்டறிய ரோம் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, அதன் நான்காவது வடிவம் 2016இல் வந்தது. கடைசி மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும், மலம் கழிப்பதோடு அதற்குத் தொடர்பு, எத்தனை தடவை போகிறோம் என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம், இந்த மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும் என்று அது போகிறது. வயிற்றுப்போக்குத் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு இது தொடங்குவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்காக அழுதேன், அதில் நிம்மதியும் கலந்திருந்தது. கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை அவர் செய்யச் சொன்னார், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதத்தால் குடல் கெட்டுப்போகும் நோய் அது. கோதுமையை நிறுத்திய பிறகு அந்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் சப்பாத்தியை விட்டுவிட்டு அப்புறம்தான் டாக்டரிடம் போகிறார்கள்.

அதே சமயத்தில்தான் என் நாத்தனார் ஒரு லேப் விளம்பரத்தை அனுப்பினார். ஒரு சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளில் எது உங்களுக்கு ஆகாது என்று சொல்லிவிடுவார்களாம். அது உடம்பின் எதிர்ப்பு அமைப்பு உண்டாக்கும் ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் அதற்கான ஐஜிஜி இருப்பது சாதாரணம், அது அந்த உணவுக்கு உடம்பு பழகியிருப்பதைத்தான் காட்டுகிறது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008லேயே, உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அப்படியும் விற்கிறார்கள், வலியில் இருப்பவர்கள் வாங்குகிறார்கள். பட்டியலில் சிவப்பு மையில் வரும் அரிசியையும் கத்தரிக்காயையும் பயந்து பயந்து ஒதுக்குகிறார்கள். வலியில் இருப்பவரின் அவசரத்தை வைத்துப் பணம் பண்ணுவது எனக்குத் தாங்கவில்லை.

அமாவாசைகள்

டாக்டர் நோட்டுப் போடச் சொன்னார். சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, தூக்கம், மாதவிலக்கு. கணக்கு டீச்சருக்கு இது பிடித்த வேலை, கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினேன். ஆரம்பத்தில் எதுவும் பிடிபடவில்லை. பூரி சாப்பிட்ட நாளும் வலி, இட்லி சாப்பிட்ட நாளும் வலி. எப்போது பார்த்தாலும் சமையலில் எல்லாமே எல்லாவற்றோடும் கலந்திருக்கிறது, எதைத் தனியாகப் பிரிப்பது? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி வந்த நாட்களை விட்டுவிட்டு, வராத நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தன. தேதிகளைச் சுவரில் தொங்கிய காலண்டரில் தேடியபோது, அவற்றில் சில, கருப்பு வட்டம் போட்ட நாட்களாக இருந்தன. அமாவாசை.

மாமனார் போனதிலிருந்து எங்கள் வீட்டில் அமாவாசை தவறாது. காலையிலிருந்தே அடுப்பில் வெங்காயமும் பூண்டும் ஏறாது, படையல் போட்டுக் காக்காய்க்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. அன்றைக்குப் பருப்பு உண்டு. உளுந்து வடை உண்டு. பால் ஊற்றின பாயசம் உண்டு. மிளகாய் போட்ட வாழைக்காய் வறுவலும் உண்டு. அதாவது அதுவரைக்கும் நாங்கள் சந்தேகப்பட்ட பால், பருப்பு, காரம் எல்லாமே அந்த இலையில் இருந்தன. இல்லாதவை இரண்டே இரண்டுதான். விரதத்துக்கு உடம்பில் வேறு என்ன பலன் உண்டு என்பது எனக்குத் தெரியாத பேச்சு, ஆனால் என் குடும்பம் மாதம் ஒரு தடவை, தன்னை அறியாமலே, எனக்காக ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தது.

வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் இருப்பது ஃபிரக்டன், முன்பு சொன்ன செரிக்காத சர்க்கரை வகைகளில் ஒன்று. எடைக்கு எடை பார்த்தால் பூண்டில் வெங்காயத்தைவிடப் பல மடங்கு. அதை உடைக்கும் என்சைம் மனிதர்கள் யாருக்குமே கிடையாது, எல்லார் குடலிலும் அது பெருங்குடலுக்குப் போய்த்தான் வாயு ஆகிறது. அப்படியானால் என் வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் பூண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எப்படிச் சும்மா இருக்கிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று பிரிட்டனில் நாட்டிங்ஹாமில் நடந்திருக்கிறது, 2017இல் வெளியானது. ஐபிஎஸ் உள்ளவர்கள் 29 பேருக்கும் இல்லாதவர்கள் 29 பேருக்கும் ஃபிரக்டன் கொடுத்து எம்ஆர்ஐயில் குடலைப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் குடலில் சேர்ந்த வாயு ஏறக்குறைய ஒரே அளவு. வலி மட்டும் ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அதிகம். அதே வாயுதான், நரம்பு அதை உணரும் விதம்தான் வேறு. பெல்ஜியத்தில் லூவனில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. 2021இல் நேச்சர் இதழில் வந்தது. குடல் தொற்று இருந்த சமயத்தில் சாப்பிட்ட உணவைக் குடலின் எதிர்ப்பு அமைப்பு எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு அதே உணவு வரும்போது அந்த இடத்தில் மட்டும் கிளர்ந்து வலியை உண்டாக்குவதை எலிகளில் காட்டினார்கள். ஐபிஎஸ் உள்ள 12 பேரின் குடலில் நேரடியாகச் சில உணவுப் புரதங்களைச் செலுத்திப் பார்த்தபோது எல்லாருக்கும் ஏதாவது ஒன்றுக்கு அந்த இடம் வீங்கியது. சோயா, கோதுமை, பால் போன்றவற்றை வைத்துச் செய்தது அது, பூண்டைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் ஸ்கேனில் தெரியாத ஒன்று குடலில் உண்மையாகவே நடக்கலாம் என்பதற்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த மாதிரி புளிக்கும் சர்க்கரைகளுக்கு மொத்தமாக ஃபாட்மேப் என்று பெயர். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2005இல் வைத்த பெயர், உணவுகளில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பட்டியல் போட்டதும் அவர்கள்தான். சில வாரங்கள் எல்லாவற்றையும் குறைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது, கடைசியில் தனக்கு ஒத்துவரும் சாப்பாட்டை அமைத்துக்கொள்வது, இவைதான் அவர்கள் சொல்லும் படிகள். முதல் படி இரண்டிலிருந்து ஆறு வாரம்தான், அதற்குமேல் இழுக்கக் கூடாது. நல்ல பாக்டீரியாக்களுக்கும் தீனி அதே சர்க்கரைகள்தான், நீண்ட நாள் பட்டினி போட்டால் அவையும் குறைந்துபோகும். என் டயட்டீஷியன் இந்தக் கணக்கில் கறாராக இருந்தார், அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இரண்டு குழம்புகள்

முதல் படியிலேயே வலி பெருமளவு விட்டுப்போனது. அங்கேதான் என் சக டீச்சர் நின்றுவிட்டார், பெரும்பாலானவர்கள் நிற்கும் இடமும் அதுதான். எனக்கு அடுத்த படிக்குப் போவதில் ஆசையைவிட ஒரு சந்தேகம் அதிகம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2013இல் வெளியான ஒரு ஆய்வை டயட்டீஷியன் சொல்லியிருந்தார். கோதுமையின் குளூட்டன் தங்களுக்கு ஆகாது என்று நம்பிய 37 பேருக்கு, ஃபாட்மேப்பைக் குறைத்துவிட்டு, எதில் குளூட்டன் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். குளூட்டன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வலிக்கும் என்று எதிர்பார்த்தாலே வலி வரலாம். அப்படியானால் பூண்டை ஆகாது என்று முடிவு கட்டிக்கொண்டு பூண்டைத் தின்றால் எனக்கு வலிக்கத்தானே செய்யும்? அந்த வலியை நான் எப்படி நம்புவது?

இன்னொரு பக்கம் அத்தை, அதாவது என் மாமியார். வெங்காயத்தைக்கூட அவர் ஒப்புக்கொண்டார், பூண்டு விஷயத்தில் அவருக்கு மனசு ஒப்பவில்லை. "மருந்தையே வேண்டாங்கறியே சாமி" என்று வருத்தப்பட்டார். அவரை வாதத்தால் ஜெயிக்க எனக்கு விருப்பமும் இல்லை. சரி, நீங்களே சோதித்துச் சொல்லுங்கள் அத்தை என்று கேட்டுக்கொண்டேன்.

ஃபிரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் அந்தச் சோதனையை அமைத்தோம். நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுப் பொன்னிறமாகும் வரை வதக்கிப் பூண்டை எடுத்துவிட்டால், மணமும் ருசியும் எண்ணெயில் இறங்கியிருக்கும், ஃபிரக்டன் பூண்டோடு போய்விடும். புளித்தண்ணீரை ஊற்றுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். அத்தை சில நாள் அப்படிப் பூண்டை எடுத்துவிட்டுப் புளிக்குழம்பு வைப்பார். சில நாள் வதக்கிய பூண்டை அரைத்துக் குழம்பிலேயே கரைத்துவிடுவார். இரண்டும் ஒரே மாதிரி மணக்கும், ஒரே மாதிரி கெட்டியாக இருக்க எள்ளை வறுத்து அரைத்துச் சேர்த்துக்கொண்டார். எந்த நாள் எது என்று எனக்குச் சொல்ல மாட்டார், தன்னுடைய அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒரு தாளில் எழுதி வைப்பார். நான் என் நோட்டில் வலியை மட்டும் எழுதுவேன். நடுவில் ஒன்றிரண்டு நாள் இடைவெளி விடுவோம். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கக்கூட அவருக்கு வாய் வராமல் இருந்ததை நான் கவனித்தேன், கேட்டால் அவர் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேனாம்.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அத்தைக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, அவர் வாசிக்க வாசிக்க நான் நோட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். பூண்டு கரைத்த நாள், ஆறு. எண்ணெய் நாள், ஒன்று. கரைத்த நாள், ஏழு. எண்ணெய் நாள் ஒன்றில் ஐந்து என்று இருந்தது, அது மாதவிலக்குக்கு முந்தின நாள். மற்றதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. என் மனசு கற்பனை செய்ததாக இருந்திருந்தால் எல்லா நாளும் வலித்திருக்க வேண்டும், எல்லாக் குழம்பும்தான் பூண்டு மணத்தது. அத்தை தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாள் நான் குடுத்ததெல்லாம்..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. உலகத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் எனக்காகச் செய்யாததை அவர் ஒரு புளிக்குழம்பில் செய்து கொடுத்திருந்தார். இனி யாரும், நானும்கூட, என் வலியை மனப்பிரமை என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. முதலில் பால், அரை டம்ளர், மறுநாள் ஒரு டம்ளர், அதற்கு மறுநாள் இன்னும் கூட. ஒன்றும் ஆகவில்லை. காபி திரும்ப வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, எத்தனை வருஷம் குற்றமில்லாத காபியை ஒதுக்கி வைத்திருந்தேன்! கோதுமையில் இரண்டு சப்பாத்தி வரை பிரச்சினை இல்லை. நார்வேயில் 2018இல் வெளியான ஆய்வில் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேரை அதிகம் படுத்தியது ஃபிரக்டன்தான் என்று வந்தது, ஆக எனக்கும் கோதுமையில் அளவுதான் விஷயம். துவரம்பருப்பு கொஞ்சமாக ஒத்துக்கொள்கிறது, ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இன்னும் நன்றாக ஒத்துக்கொள்கிறது, அதில் இருக்கும் சர்க்கரையும் தண்ணீரில் கரைகிற வகை. புளித்த இட்லி மாவு எப்போதுமே எனக்கு நண்பன். ஆகாதவை என்று உறுதியானது பூண்டும், ஓர் அளவுக்கு மேல் வெங்காயமும் மட்டும். திரும்பச் சேர்த்துப் பார்க்காமல் இருந்திருந்தால், இரண்டு பொருளுக்காக நான் இருபது பொருளை ஆயுளுக்கும் விட்டிருப்பேன். அந்த டீச்சரிடம் நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் எது இருந்தாலும் நோட்டும் குழம்பும் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி. ஐபிஎஸ் உள்ள எல்லாருக்கும் சாப்பாட்டை மாற்றியதும் வலி போய்விடுவதும் இல்லை. எனக்கு ஆகாதது உங்களுக்கும் ஆகாது என்று அர்த்தம் கிடையாது, பூண்டு பலருக்கு நல்லதுதான், எங்கள் வீட்டில் இன்றும் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். பூண்டு எண்ணெயை நிறையச் செய்து வெளியே வைத்துவிடாதீர்கள், அதில் கொடிய நச்சுக் கிருமி வளர வாய்ப்பு உண்டு, அன்றன்றைக்குச் செய்வது நல்லது. பெருங்காயத்தில் மைதா கலந்து வரும், தாளிக்கிற சிட்டிகை அளவில் எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. வெங்காய மணத்துக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும் போதும், அதில் ஃபிரக்டன் குறைவு.

காலப்போக்கில் குடலின் பொறுமை மாறுமாம், ஒரு தடவை ஆகவில்லை என்பதால் என்றைக்கும் ஆகாது என்று எழுதி வைக்க வேண்டாம், இடைவெளி விட்டுத் திரும்பச் சோதியுங்கள் என்று டயட்டீஷியன் சொல்லியிருக்கிறார். காலாண்டு லீவில் சின்ன வெங்காயத்தை மறுபடி ஆரம்பிக்கிறோம், அரை வெங்காயத்திலிருந்து. அந்த டீச்சரையும் கூப்பிட்டிருக்கிறேன். அவருக்கு முதலில் பால் வைத்துப் பார்க்கலாம் என்று அத்தை சொல்கிறார்.